திதி நாளில் மூடிய கூடைகள்

போன மாதம் எங்கள் பட்டுவளர்ச்சித் துறையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருத்தி கையில் ஒரு துண்டு. பெரிய கடையில் வாங்கினாளாம். அதில் தொங்கிய சீட்டில் ‘உயிர் கொல்லாத பட்டு’ என்று அச்சடித்திருந்தது. இப்போது இதுதான் புதிதாக வந்திருக்கிறது, உங்கள் காலத்தில் இதெல்லாம் உண்டா என்று கேட்டாள். துண்டை வாங்கி விரல்களுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்த்தேன். எரிப்பட்டு. முறுக்குக் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. ‘உண்டு’ என்று மட்டும் சொல்லியிருந்தால் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் சீதா மாமியின் கதையைத் தொடங்கினேன். அது முடிவதற்குள் அவர்களுக்குக் கடைசி பஸ் வந்துவிட்டது. மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே, அதற்குத்தான் இது.

எனக்கு ஊர் பூதப்பாண்டி. பெயர் பகவதி. கல்யாணம் முடிந்து திருவனந்தபுரத்துக்கு வந்தபோது என் கணவர் சாலைக் கம்போளச் சந்தையில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். பழவங்காடிக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் குடித்தனம். பள்ளிக்கூடத்தில் தக்ளியில் நூல் நூற்றுப் பரிசு வாங்கியவள் நான். பரிசு என்றால் ஒரு பித்தளைக் கிண்ணம், அதுவும் ஒரு பக்கம் நசுங்கியது. அந்தக் கிண்ணத்தின் பெருமையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் அளந்துகொண்டிருந்ததில், ஸ்ரீவராகத்தில் சர்க்கார் ஒரு பட்டுப்புழு நிலையம் தொடங்கியிருக்கிறது, நூற்கத் தெரிந்த பெண்களைத் தேடுகிறார்கள் என்று யாரோ என் கணவரிடம் வந்து சொன்னார்கள். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நிலையம் என்றால் ஒரு பழைய வாடகை வீடு. முன்னறையில் ராட்டைகள், நடு அறைகளில் புழுக்கள், பின்முற்றத்தில் ஆமணக்குச் செடிகளும் ஒரு பலாமரமும். பயிற்சி என்று சில மாதம் ஓடியது. முதல் நாள் உள்ளங்கையில் புழுவை வைத்ததும் வீறிட்டேன். பயிற்சி முடிகிறபோது தோளில் ஒன்று ஊர்வது தெரியாமலே இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

கல்யாணத்துக்கு எடுக்கிற பட்டு வேறு. அந்தப் புழு மல்பெரி இலை தின்று, ஒரே இழையால் கூடு கட்டி, தன்னை முழுக்க மூடிக்கொள்ளும். பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் இழை அறுந்துபோகும் என்பதால், உள்ளே உயிர் இருக்கும்போதே கூட்டை வெந்நீரில் போட்டுவிடுவார்கள். எங்களுடையது எரிப்பட்டு, அஸ்ஸாம் பக்கத்துச் சரக்கு. இந்தப் புழு ஆமணக்கு இலை தின்னும். நம் ஊர் மரச்சீனி, அதாவது மரவள்ளி இலையையும் தின்னும். மாடு ஆசைப்பட்டு வயிறு முட்டத் தின்றால் சுருண்டு விழுகிற இலை அது. இந்தப் புழுவுக்கு அதுவே விருந்து. கூடு கட்டும்போது ஒரு முனையைத் திறந்தே விட்டுவிடும். பூச்சி அந்த வழியாகத் தானே வெளியே வந்துவிடும். அது விட்டுப்போன காலிக் கூடுதான் எங்களுக்கு வேண்டியது. அதைப் பஞ்சை நூற்பதுபோல நூற்க வேண்டும்.

நிலையத்துக்குத் தலைவர் தங்கம்மா சார். பெண்தான். அந்தக் காலத்துத் திருவனந்தபுரத்தில் படிப்பித்துக் கொடுக்கிறவர் ஆணானாலும் பெண்ணானாலும் ‘சார்’தான். நாகர்கோவில்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், மைசூருக்கும் அஸ்ஸாமுக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தவர். வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையும் தவிர வேறு அலங்காரம் அவரிடம் நான் பார்த்ததில்லை.

காலையில் நாங்கள் உள்ளே நுழையும்போது வாசலில் நின்று ஒவ்வொருத்தியாகக் கையை நீட்டச் சொல்லி மோந்து பார்ப்பார். தேங்காயெண்ணெய் தேய்க்காத திருவனந்தபுரத்துப் பெண் உண்டா? அந்தக் கை புழுமேல் பட்டால் அதன் பக்கவாட்டில் இருக்கிற மூச்சுத்துளைகள் அடைபட்டுப்போகும். ஆகவே சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். தலையில் பிச்சிப்பூ கூடாது. வாயில் வெற்றிலை கூடாது. வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போட்டுவிட்டு அந்தச் சேலையோடு வந்துவிட்டால் திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வர வேண்டியதுதான். நான் ஒருமுறை மழையில் அப்படிப் போய்வந்திருக்கிறேன்.

திட்டமாட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. நாம் ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால் நம் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, “சரி, நீ இரி” என்பார். நாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் நம் வேலையை நம் கண்முன்னாலேயே நிதானமாகச் செய்து முடிப்பார். அந்த நேரத்தில் பூமி பிளந்து நம்மை விழுங்கிவிடாதா என்றிருக்கும். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சுகமாக அழுதுவிட்டுப் போயிருப்போம்.

எங்கள் கையை மோந்து முடித்ததும் புழு அறையில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பெரிய புழுக்கள் கூட்டமாகத் தின்னும்போது பக்கத்து வீட்டில் யாரோ அரிசி புடைப்பதுபோல ஒரு சத்தம் வரும். அதில் ஒரு தட்டின் சத்தம் குறைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். போய்ப் பார்த்தால் அந்தத் தட்டில் யாராவது ஈர இலையைப் போட்டிருப்போம். ஈர இலை தின்றால் புழுவுக்கு வயிறு கெட்டுவிடும். மழைநாளில் நேமத்திலிருந்து வருகிற மரச்சீனி இலையை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துத்தான் போட வேண்டும். திருவனந்தபுரத்தில் மழை இல்லாத மாதம் எது? ஆண்டில் பாதி நாள் எங்கள் விரல்கள் பச்சையாகவே இருக்கும்.

நூற்பதிலும் அதே கண்டிப்புதான். கூடுகளைத் துணியில் மூட்டையாகக் கட்டிச் சோடா உப்புத் தண்ணீரில் வேகவைத்து, பசை போனதும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஒவ்வொரு கூட்டையும் விரலில் மாட்டி விரித்து, உள்ளே கிடக்கிற பழைய தோலைத் தட்டிவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்தினால் சின்ன அப்பம்போல வரும். அந்த அப்பத்தை ஈரத்தோடு இடக்கையில் வைத்துக்கொண்டு ஓரத்திலிருந்து இழுக்க வேண்டும். பருத்தி இழுத்துப் பழகிய கைக்கு இது லேசில் அடங்காது. நாம் ஒரு பக்கம் இழுத்தால் அது ஒரு பக்கம் போகும்.

எங்களில் அதை அடக்கியவள் நானில்லை, சீதா மாமி. என் பித்தளைக் கிண்ணத்தின் பெருமை அவள் வந்த வாரமே போயிற்று. என்னைவிட இளையவள்தான். ஆனால் நிலையத்துக்குப் பக்கத்து அக்ரகாரத்துப் பெண் என்பதால் நாங்கள் எல்லாரும் ‘மாமி’ என்றே கூப்பிட்டோம். அவள் கையில் இழை முனகாமல் வரும், முதலிலிருந்து கடைசிவரை ஒரே கனத்தில் வரும். எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. பொறாமைப்பட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்தான் எங்களுக்குள் சிநேகம் வந்தது.

கணவன் டைபாய்டில் போய்விட, ஒரு பெண்குழந்தையோடு மாமனார் வீட்டில் இருந்தாள். மாமியார் முன்னமே காலமாகிவிட்டார். காலையில் சமையலை முடித்தால் பிறகு விளக்கு வைக்கிறவரை அவள் செய்வதற்கு அந்த வீட்டில் ஒன்றுமில்லை; வெளியே போவதற்கும் வழியில்லை. “எங்காத்துச் சுவத்துல எந்தப் பல்லி எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும், பகவதி” என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவளை வேலைக்கு அனுப்பும்படி கேட்கத் தங்கம்மா சார் நேரிலேயே போயிருந்தார். மாமனார் ராமசுப்பையர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டிலும் ஆசாரத்திலும் அணுவளவு பிசகமாட்டார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: அங்கே ஜீவஹிம்சை உண்டா? சார் இல்லை என்றார். பூச்சி தானாகப் போன பிறகே கூட்டை எடுக்கிறோம் என்று விளக்கினார். அப்படியானால் வரட்டும், ஆனால் ஒரு ஜீவன் அங்கே கொல்லப்பட்டது என்று என் காதில் விழுந்தால் அன்றோடு நிறுத்திவிடுவேன் என்றார் ஐயர். அந்தச் சொல்லின்மேல்தான் சீதா எங்களிடம் வந்துகொண்டிருந்தாள். ஜன்னலோரத்து ராட்டை அவளுடையது. நிலையத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் போவாள். எவ்வளவு சிரமமானாலும் ஒரு நாள் தவறியதில்லை. வந்த புதிதில் குனிந்த தலை நிமிராதவள், போகப் போக எங்கள் வம்புக்கெல்லாம் பதில் சொல்லத் தொடங்கினாள்.

இப்போது பூச்சிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டிலிருந்து வெளியே வந்ததும் ஆணும் பெண்ணும் சேரும். பெண்பூச்சி குச்சியில் முட்டையிடும். அத்தோடு அவற்றின் வேலை முடிந்தது. சிறகு உள்ளங்கை அகலம் இருக்கும். பறக்கத்தான் தெம்பு இருக்காது. சில நாள் கிடந்து தானாகச் சாகும். அறையிலேயே கிடந்தால் நாற்றமும் எறும்பும் வரும் என்பதால், முட்டையிட்டு முடிந்தவற்றைக் கூடையில் அள்ளிவைப்போம். நிலையத்தைக் கூட்டுகிற பொன்னம்மை விடியற்காலையில் வந்து அவற்றைப் பலாமரத்தடியில் விட்டுவிடுவாள். இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகட்டும் என்பது எங்கள் எண்ணம். அவை எங்கும் போகவில்லை. காக்கைகள் வந்தன. நாங்கள் வேலைக்கு வரும்போது மரத்தடி சுத்தமாக இருக்கும். நாங்களும் விசாரிக்கவில்லை.

அக்ரகாரத்தில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் யாரும் இலைமுன் உட்காரமாட்டார்கள். செத்துப்போன தகப்பனும் பாட்டனும் காக்கையாக வருகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை, எங்கள் நம்பிக்கையும்தான். கொஞ்ச நாளாகக் கூப்பிட்டால் காக்கை வருவதில்லை என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. சீதாவே அதை என்னிடம் சொல்லிக் கவலைப்பட்டாள். தெருவுக்கு ஏதாவது தோஷம் வந்துவிட்டதா என்று பெரியவர்கள் யோசிக்கிறார்களாம். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்தது பொன்னம்மை ஒருத்திக்குத்தான். அவள் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் தெருக்குழாயடியில் அவிழ்த்துவிட்டாள்.

“சாமிமாருக்க அப்பனும் தாத்தனும் விடிஞ்சா எங்க முற்றத்துலயாக்கும் இருப்பு. பூச்சி தின்னு ருசி கண்ட பெறகு பருப்புஞ்சோறு எறங்குமா?”

குழாயடி சிரித்தது. அந்தச் சிரிப்பு தெருவழியாக நடந்து ராமசுப்பையர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்த நேரம்தான் பொல்லாத நேரம். அன்று அவருடைய தகப்பனாரின் திதி. ஹோமம் முடிந்து, சாஸ்திரிகள் சாப்பிட்டு எழுந்து, ஐயர் பின்கட்டுச் சுவரில் பிண்டத்தை வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். ஒன்றும் வரவில்லை. தொண்டை கட்டுகிறவரை கூப்பிட்டாராம். காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது. வெயில் சாய்ந்தது. குழந்தை பசியோடு தூங்கிப்போயிற்று. கடைசியில் ஒரு காக்கை வந்து சுவரில் உட்கார்ந்து, பிண்டத்தைப் பார்த்துவிட்டு, மூக்கைச் சுவரில் இரண்டு பக்கமும் தீட்டிக்கொண்டு பறந்துபோனது. அடுத்த வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பாலிருந்து பொன்னம்மையின் பேச்சைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஜன்னலோரத்து ராட்டை காலியாக இருந்தது. மத்தியானம் பின்பக்கத்துக் கதவருகில் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டுப் போனேன். சீதா வெளியே நின்றாள், உள்ளே வரவில்லை. கையில் வீட்டில் நூற்பதற்காகச் சார் கொடுத்திருந்த தக்ளி. நடந்ததையெல்லாம் சுருக்கமாகச் சொன்னாள். மாமனார் கோபப்படவில்லையாம். ‘நம்மகிட்டப் பொய் சொல்லிட்டா’ என்று மட்டும் சொன்னாராம்.

“இதைச் சார்கிட்ட கொடுத்துடு. என் ராட்டைல பாதி இழை நிக்கறது. அதை அறுத்துடாதே, பகவதி. வேற யாரும் உக்காரப்படாதுன்னு சொல்லலை. கை மாறினா இழை மாறிடும், அதுக்குத்தான் சொல்றேன்.”

கண்ணில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. அவள் திரும்பிப் போகிறபோது அந்தச் சுவரும் பல்லிகளும் என் நினைவுக்கு வந்தன. உலகத்தில் எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ கஷ்டம், ஆனால் நூற்கத் தெரிந்த ஒரு கையைச் சும்மா வைத்திருப்பதைப்போலக் கொடுமை உண்டா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பொன்னம்மையைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். “சரி, நீ இரி” என்றார் சார். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தாமே போய்ப் பலாமரத்தடியைக் கூட்டினார். வேர்களுக்கிடையில் ஒட்டிக்கிடந்த சிறகுத் துணுக்குகளைக் குனிந்து பொறுக்கினார். பொன்னம்மை படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கை கழுவிக்கொண்டு, குடையை எடுத்து, “வா, பகவதி” என்றார்.

ராமசுப்பையர் கூடத்து ஊஞ்சலில் இருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. சார் வாசல்நிலைக்கு இப்பாலேயே நின்றுகொண்டார். நான் அவருக்குப் பின்னால் ஒரு படி கீழே.

“சாமி, நாங்க எதையும் கொல்லல்ல. ஆனா உயிரோட முற்றத்துல விட்டோம், காக்கா தின்னுச்சு. அண்ணைக்கு நான் உங்ககிட்ட சொன்னதுல இது வரல்ல. வந்திருக்கணும். அது என் தப்பு.”

ஐயர் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். கச்சேரியில் காலமெல்லாம் சாக்குப்போக்குகளைக் கேட்டே பழகியவர். சாக்கே சொல்லாத ஆளிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். எனக்கோ வாய் துறுதுறுவென்றிருந்தது. கூடத்தின் கோடியில், யாரும் தொட்டுத் தீட்டுப்படாதபடி உயரக் கொடியில், அவருடைய மடிப் பட்டு வேஷ்டி உலர்ந்துகொண்டிருந்தது, நல்ல காஞ்சிப் பட்டு. அதில் எத்தனை புழு வெந்திருக்கும் என்று கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். கேட்டிருந்தால் வாயடி அடித்து ஜெயித்த சந்தோஷம் எனக்கு இருந்திருக்கும். சீதா அந்தக் கதவுக்குப் பின்னாலேயே இருந்திருப்பாள்.

நீங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் நான் மறுபடி வந்து தொந்தரவு செய்யமாட்டேன் என்றார் சார். நாங்கள் படியிறங்கிய பிறகுதான், “பாக்கலாம்” என்று உள்ளேயிருந்து ஐயரின் குரல் வந்தது.

ஏகாதசியன்று மத்தியானம் வந்தார். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத உபவாசம். வெயிலில் முகம் வாடியிருந்தது. நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். தங்கம்மா சார் எப்போதும்போல வாசலில் நின்றுகொண்டு, “சாமி, கை” என்றார்.

ஒரு வைதிகப் பிராமணரிடம், அதுவும் காரியம் ஆக வேண்டிய இடத்தில், யாராவது இப்படிக் கேட்பார்களா? அவர் ஒன்றும் புரியாமல் கையை நீட்டினார். சார் தொடாமலே குனிந்து மோந்து பார்த்துவிட்டு, பூஜைக் கற்பூரம் மணக்கிறது, புழுவுக்கு ஆகாது, சாம்பல் போட்டுக் கழுவ வேண்டும் என்றார். எதற்கு, ஏன் என்று ஐயர் கேட்டார். மூச்சுத்துளை, எண்ணெய், பூ, வெற்றிலை, சாம்பிராணி, ஈர இலை என்று சார் ஒன்றுவிடாமல் சொன்னார். ஐயர் கடைசிவரை கேட்டார். பிறகு செம்பில் தண்ணீர் எடுத்து, எங்களைவிட நன்றாகவே கழுவினார்.

“இங்கயும் மடி உண்டாக்கும்” என்றார். குரலில் இருந்த விறைப்புக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

தட்டுதட்டாகப் பார்த்தார். பூச்சிகள் இருந்த கூடையருகில் வந்ததும் ஒரு பலகை கேட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பெண்பூச்சி குச்சியைப் பிடித்துக்கொண்டு முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இதற்கு என்ன ஆகாரம் என்று கேட்டார்.

“இது ஒண்ணும் திங்காது சாமி. பூச்சியானா பெறகு வாயால ஒரு பிரயோஜனமும் கெடையாது. புழுவா இருந்தப்போ தின்னதுதான், சாகிறவரைக்கும்” என்றார் சார்.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏகாதசி வயிற்றோடு இருக்கிறவருக்கு அதைப் பார்க்க என்ன தோன்றியிருக்குமோ, எனக்குத் தெரியாது. கூடையின் ஓரத்தில் முட்டையிட்டு முடிந்த ஒன்று கிடந்தது. அதன் சிறகு இரண்டு முறை அசைந்து நின்றது. “போயிடுத்தா?” என்று கேட்டார். “போச்சு சாமி” என்றார் சார். ஐயர் உதட்டுக்குள் ஏதோ சொன்னார், மந்திரமாகத்தான் இருக்கும்.

எழுந்து வாசலுக்கு வந்ததும் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“உயிரோட வெளில விடப்படாது. தானாப் போனப்புறம் காக்கை எடுத்துண்டா அது அதுக்கு விதிச்ச ஆகாரம், அதுல நமக்கு ஒண்ணுமில்லை. ஆனா பிண்டம் எடுக்கறதுக்கு முன்னாடி போடாதேங்கோ. எந்த ஆத்துல என்னிக்குத் திதின்னு இவ வந்து உங்ககிட்ட சொல்லுவா.”

‘இவ’ என்றது சீதாவை. வந்து சொல்ல வேண்டும் என்றால் வர வேண்டும் அல்லவா? வேலைக்கு அனுப்புகிறேன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. மறுநாள் காலையில் சீதா வந்து, சாரிடம் கையை நீட்டிக் காட்டிவிட்டு, ஜன்னலோரத்து ராட்டையில் உட்கார்ந்து, நின்றுபோயிருந்த இழையை எடுத்து நூற்கத் தொடங்கினாள். நாங்கள் யாரும் அவளைப் பார்க்காததுபோல வேலை செய்தோம். பொன்னம்மை மட்டும் கூட்டின இடத்தையே மறுபடி மறுபடி கூட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் ஒரு புது நடைமுறை வந்தது. பூச்சிகள் தாமாகச் சாகிறவரை மூங்கில் கூடைக்குள் மூடியே இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படும்போது சீதா, நாளைக்கு வடக்குத்தெருவில் திதி, கோடிவீட்டில் திதி என்று சொல்லிவிட்டுப் போவாள். அப்படிப்பட்ட நாளிலும் அமாவாசையிலும், பிண்டம் எடுத்தாயிற்று என்று செய்தி வந்த பிறகே செத்த பூச்சிகளை வெளியே கொட்டுவோம். மற்ற நாளில் உச்சிவேளை தாண்டினால் போதும். ஒருமுறை மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி, செத்த பூச்சியை எதற்காக மத்தியானம்வரை மூடிவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். காலையில் வெளியே போட்டால் அக்கம்பக்கத்தாருக்குச் சிரமம் என்றார் தங்கம்மா சார், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். சுகாதாரக் காரணம்தானே என்று அதிகாரி கேட்டார். அதேதான் என்றார் சார். அதிகாரிக்குப் பரம திருப்தி. நாங்கள் புழு அறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

காக்கைகளும் பழகிவிட்டன. முற்பகலில் அக்ரகாரம், பிற்பகலில் எங்கள் பலாமரம். திருவனந்தபுரத்தில் அவ்வளவு சுகப்பட்ட காக்கைகள் வேறு எங்கும் இருந்திருக்காது.

சீதா தன் நூலைச் சேர்த்துவைத்து, பாலராமபுரத்தில் நெய்யக் கொடுத்து, மாமனாருக்கு ஒரு வேஷ்டி வாங்கிவந்தாள். எரிப்பட்டு கம்பளிபோலக் கனமானது. நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் சற்றும் ஒத்துவராது. அடுத்த திதிக்குக் காஞ்சிப் பட்டைக் கொடியிலேயே விட்டுவிட்டு அதைத்தான் கட்டிக்கொண்டாராம். நெற்றி, கழுத்து, முதுகு எல்லாம் வேர்த்துக் கொட்டியதாம். ‘ஏன் மாமா, கனமா இருக்கா?’ என்று இவள் கேட்டதற்கு, நன்றாகத்தான் இருக்கிறது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு எந்தக் காரியத்துக்கும் அவர் வேறு பட்டு உடுத்தவில்லை. சீதா இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, எனக்கே ஒரு நிறைவாக இருந்தது.

1956இல் எங்கள் நாஞ்சில் நாடு சென்னை ராஜ்ஜியத்தோடு சேரப்போகிறது என்று எங்கும் ஒரே பேச்சாக இருந்தது. தங்கம்மா சார் அதற்கு முன்பே நாகர்கோவிலுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்தில் வாசலில் நின்று கையை மோந்து பார்க்கிற வேலை சீதாவுக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் அவளைச் ‘சீதா சார்’ என்று கூப்பிட்டார்கள். முதல்முறை அப்படிக் கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்த்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அந்த வருஷமே நானும் ஊருக்கு மாற்றலாகிப் போவதாக இருந்தது.

ராமசுப்பையர் அதற்கு முந்தின வருஷம் காலமாகியிருந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார், யாருக்கும் சிரமம் கொடுக்கவில்லை. நான் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு அவருடைய முதல் வருஷத் திதி வந்தது. அவருடைய தம்பி மகன் வந்து செய்தார். சீதா அன்று லீவு. நாங்கள் நிலையத்தில் கூடைகளை மூடிவைத்துக்கொண்டு காத்திருந்தோம். உச்சிவேளை கடந்தது. பலாமரத்தில் காக்கை ஒன்றுகூட இல்லை. பொன்னம்மை இரண்டு முறை வந்து என் முகத்தைப் பார்த்தாள். செய்தி வரவில்லை, இருக்கட்டும் என்றேன். அந்தப் பழைய திதியும் சுவரில் மூக்கைத் தீட்டிவிட்டுப் போன காக்கையும் நினைவுக்கு வந்து, எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

பின்பக்கத்துக் கதவு திறந்தது. சீதாதான். முன்பு தக்ளியைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்ற அதே இடம். இந்தத் தடவை உள்ளே வந்தாள். தலையில் ஈரம் காயவில்லை. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர்.

“கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்துட்டார், பகவதி. சாப்பிட்டாச்சு. இனிமே கூடையை வெளில வைக்கலாம்.”